எக்ஸ் நகரத்து நீரூற்றுகளும் அக்காவின் தண்ணீர்ப் பரிசோதனையும்

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து வேலை, சம்பளம், நிலம் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் நேரே கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் சரியில்லை என்றால் மாப்பிள்ளை கலெக்டராகவே இருந்தாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இந்த வழக்கத்தை முன்னிட்டுத்தான் 2006 மே மாதம் நானும் என் அக்கா சரோஜாவும் திருவண்ணாமலையிலிருந்து பிரான்சுக்குப் போய் வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்கத் தகவல் தேடி இங்கே வந்தவர்கள் பயப்பட வேண்டாம், அதுவும் இதில் உண்டு.

அக்கா மகள் வித்யா மார்சேய் நகரில் மேல்படிப்பு முடித்து அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் மத்தியூவைக் கட்டிக்கொள்ள ஆசை என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள். மத்தியூவின் ஊர், மார்சேயிலிருந்து முப்பது கிலோமீட்டர் வடக்கே இருக்கும் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு குடித்தனமும் அங்கேதான், அவன் அம்மா ஒதீல் வீட்டுக்குப் பக்கத்தில். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இரும்புக்கடை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரர் கடையை விட்டுவிட்டு வர முடியாது என்றார். "உங்க அக்கா சரின்னா எனக்கும் சரி" என்று என்னிடம் சொல்லி முடித்துக்கொண்டார். ஆக, முடிவு சொல்ல வேண்டியது அக்கா. தாய்மாமன் என்ற முறையில் துணைக்கு நான்.

அக்காவுக்கும் தண்ணீருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அங்கிருந்து கல்யாணமாகி வேங்கிக்காலுக்குப் போனவளுக்கு வாய்த்தது உப்புத் தண்ணீர் போர். முதல் வருஷம் முழுக்க அவள் வைத்த பருப்பு வேகவே இல்லை. பருப்பு வேக வைக்கக்கூடத் தெரியாதவளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமியார் தெருவுக்கே கேட்கும்படி பேசினார். என் பெண்ணை உப்புத் தண்ணீர் ஊருக்குக் கொடுக்க மாட்டேன் என்று அக்கா அப்போதே முடிவு கட்டிவிட்டாள், அப்போது அவளுக்குப் பெண்ணே பிறக்கவில்லை. வித்யாவுக்கு இந்தக் கதை மனப்பாடம். அதனால்தான் அம்மாவை முதலில் நீரூற்றுகளுக்குக் கூட்டிப்போவது என்று அவளும் மத்தியூவும் திட்டம் போட்டிருந்தார்கள். எக்ஸ் நகரத்துக்கு ஆயிரம் ஊற்றுகளின் ஊர் என்றே பெயர். எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை போல.

மார்சேய் ரயில் நிலையத்தை ஒட்டியே பேருந்து நிலையம். கால் மணிக்கு ஒரு பேருந்து, அரை மணி நேரப் பயணம், ஆளுக்கு நாலு யூரோ அறுபது சென்ட். நம் கணக்கில் ஏறக்குறைய இருநூற்று அறுபத்தைந்து ரூபாய். "இந்தக் காசுல மெட்ராஸ் ரெண்டு வாட்டி போய்ட்டு வந்துடலாம்" என்றாள் அக்கா. ஓட்டுநர் அவள் பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அக்காவும் பதிலுக்கு வணக்கம் வைத்து, "நல்ல மனுஷன்" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

எக்ஸ் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ரொத்தோந்து என்கிற பெரிய நீரூற்று. நாலாபக்கமும் சாலை, நடுவில் சிங்கங்கள், உச்சியில் மூன்று பெண் சிலைகள். மத்தியூ அங்கே எங்களுக்காகக் காத்திருந்தான். அக்கா சிலைகளைப் பார்த்தாள், செருப்பைச் சரிசெய்துகொண்டாள், வட்டமான நடைபாதையில் வலமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். பிரான்சில் வண்டிகள் இடமாகச் சுற்றும். குறுக்கே வரும் தெருவைத் தாண்ட அக்கா நம் ஊர் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துக் காலை வைத்தாள், வண்டி இடப்பக்கத்திலிருந்து வந்தது. மத்தியூ அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, இங்க எல்லாம் அந்தப் பக்கமாத்தான் சுத்துவாங்க" என்றாள் வித்யா.

"வண்டி எப்படி வேணா சுத்தட்டும். சாமிய யாராவது இடமா சுத்துவாங்களா?"

"அது சாமி இல்லம்மா."

"மூணு பொம்பளைங்க தண்ணிக்கு மேல நிக்கிறாங்க. சாமி இல்லாம இன்னா?"

மத்தியூ அக்காவின் இடப்பக்கமாக வந்து, சாலையைப் பார்த்துக்கொண்டே அவளோடு சுற்றினான். மலை சுற்றும்போது உள்பக்கம் சித்தர்கள் நடப்பார்கள் என்று வெளிப்பக்கமாக ஒதுங்கி நடப்போமே, அதேபோல் அக்கா நீரூற்றுப் பக்கத்தைக் காலியாக விட்டு நடந்தாள். அவனும் காரணம் கேட்காமல் ஒதுங்கினான். மூன்று சுற்று. நாய்க்குட்டியோடு எதிரே வந்த ஒரு அம்மாள் இரண்டாவது சுற்றில் 'போன்ஷூர்' சொன்னார், மூன்றாவது சுற்றில் சிரித்தே விட்டார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அங்கிருந்து தொடங்குகிறது கூர் மிராபோ என்கிற அகன்ற வீதி. இரண்டு பக்கமும் பிளேன் என்கிற அகன்ற இலை நிழல் மரங்கள், நடுவில் வரிசையாக ஊற்றுகள். முதலில் வருவது ஒன்பது குழாய் ஊற்று. அந்தக் காலத்தில் இந்த வழியாகப் போன ஆட்டு மந்தைகள் குடிப்பதற்காகத் தொட்டியின் விளிம்பைத் தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள். அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "ஆட்டுக்குத் தண்ணி காட்டுன ஊரு கெட்டுப்போகாது" என்றாள். பக்கத்துத் தெருவில் நாலு டால்ஃபின் ஊற்று. டால்ஃபின்களுக்குச் செதில் செதுக்கி வைத்த சிற்பியை அக்கா பாராட்டினாள், அவள் கணக்கில் அவை கெண்டை மீன்கள். வித்யா என் காதருகே வந்து, "மாமா, சரியா வருதுல்ல?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திரும்ப வீதிக்கு வந்தால் பாசி ஊற்று. ஊற்றே தெரியாது, ஆள் உயரத்துக்குப் பச்சைப் பாசி மூடிய ஒரு குன்றிலிருந்து தண்ணீர் சொட்டும். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் என்று மத்தியூ பெருமையாகச் சொன்னான். பதினெட்டு டிகிரி. அக்கா கையை வைத்துப் பார்த்தாள்.

"இதுவா சுடுதண்ணி? மே மாசம் நம்ம மொட்டமாடி டேங்க் தண்ணிய இவருக்குக் காட்டணும்."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா பாசியை லேசாக ஒதுக்கிவிட்டு உள்ளே இருந்த கல்லை நகத்தால் சுரண்டினாள். நகத்தில் வெள்ளையாக வந்தது. முந்நூறு வருஷத்துச் சுண்ணாம்பு, அடியில் இருந்த சிற்பம் இன்னதென்றே தெரியாத அளவுக்குப் படிந்திருந்தது. அக்கா ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள்.

"டேய், இது நம்ம வேங்கிக்காலவிட ஜாஸ்திடா" என்றாள் என்னிடம். நகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு எங்களை விட்டு முன்னால் நடந்தாள்.

வீதி முடியும் இடத்தில் கையில் திராட்சைக் குலையோடு ரெனே ராஜா சிலை நிற்கும் ஊற்று. அழகான ஊற்று, பாவம், யாரும் பார்க்கவில்லை. "அம்மா வேணாம்னுடுவாங்களா மாமா?" என்று வித்யா கேட்டாள். தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

ஒதீல் வீட்டில் மதியச் சாப்பாடு. அக்கா வணக்கம் வைத்த கையோடு நேரே அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டியைத் திறந்து உள்ளே விரலை விட்டாள். வெள்ளை ஏடு. ஒதீலுக்கு முகம் சிவந்துவிட்டது, ஓடிப்போய் வினிகர் பாட்டிலை எடுத்து வந்து, ஊற்றி வைத்தால் போய்விடும் என்று கையாலேயே காட்டினார். அக்கா தலையாட்டிவிட்டு, நாங்கள் இதற்குப் புளி போடுவோம் என்று பதிலுக்குக் கையாலேயே காட்டினாள்.

மேஜையில் ரொட்டி, சாலட், சோறு. நடுவில் சாம்பார். அக்கா ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கினாள். வெண்ணெயாக மசிந்தது. "இத நீ வச்சியா?" என்று வித்யாவைக் கேட்டாள்.

"இல்லம்மா. நான் இங்க வச்ச மொதல் பருப்பு வேகவே இல்ல. அழுதுட்டேன். அப்புறம் இவருதான் வடிகட்டுன தண்ணில ராத்திரியே ஊறப் போட்டுப் பாக்கலாம்னாரு. இன்னிக்கும் அவரு ஊற வச்சதுதான்."

"இந்தம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க. பரவால்ல, கடிச்சுத் தின்னா பல்லுக்கு நல்லதுன்னாங்க. ரெண்டாம் வாட்டியும் கேட்டுப் போட்டுக்கிட்டாங்க."

மத்தியூ தனக்குத் தெரிந்த இரண்டே தமிழ்ச் சொற்களில் ஒன்றைச் சொன்னான். "சாப்பிடுங்க." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். உப்பு கம்மி என்று மட்டும் சொன்னாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மே மாதம் நல்ல காலம், வெயில் நம் மார்கழி வெயில்தான். எல்லா ஊற்றையும் குடித்துப் பார்க்காதீர்கள். 'ஓ பொத்தாபிள்' என்று எழுதியிருந்தால் குடிக்கலாம், நடுவில் 'நோன்' வந்தால் கூடாது. பெரிய வீதியில் காப்பி குடித்தால் விலை ஜாஸ்தி, ஒரு சந்து உள்ளே போனால் பாதிதான். பார்த்து நடந்தால் அரை நாளில் முடித்துவிடலாம், அக்கா மாதிரி ஆளைக் கூட்டிப்போனால் முழு நாள் ஒதுக்குங்கள். சாலையைத் தாண்டும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள்.

ஊருக்குப் பேச, புகையிலைக் கடைகளில் ஃபோன் கார்டு கிடைக்கும், ஏழரை யூரோ. எக்ஸ் பேருந்து நிலையத்து ஃபோன் கூண்டில் நின்று அக்கா அதில்தான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். வித்யா கொஞ்சம் தள்ளி, மத்தியூவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, கேக்குதா? எல்லாம் பாத்தாச்சு. தண்ணி நம்ம ஊர விட மோசம். பொண்ண குடுத்துடலாம்."