வேண்டாம் என்று ஒரு பட்டன்

இணையத்தில் கேம் விற்கும் கடையின் கஸ்டமர் கேரில் உட்கார்ந்தால், 'எது நல்ல கேம்' என்று கேட்பவர்களைவிட 'இதெல்லாம் என் கண்ணில் படாமல் செய்' என்பவர்கள்தான் அதிகம். என்னைப் போலவே போன் எடுத்துப் பிழைக்கும் உங்களுக்கு இது புரியும். எங்கள் ஆபீஸ் வடக்கே, நாட்டின் தலைநகரில், ஜனக்புரியில். தமிழ்ப் பெயரைப் பார்த்தால் அழைப்பு என் தலையில் விழும். ஒவ்வொரு கேமுக்கும் சண்டை, புதிர், பேய் என்று டேக் இருக்கும். பிடிக்காத டேகை 'வேண்டாம்' என்று விலக்கினால் அந்த வகை மறைந்துவிடும்.

காலிக் கடை

லோதி ரோட்டிலிருந்து ஓர் அரசு அதிகாரி கூப்பிட்டார். ஹாஸ்டலிலிருந்து வரும் மகளோடு ஞாயிற்றுக்கிழமை விளையாட வேண்டுமாம். பட்டியலில் ஒன்றுமே வரவில்லை என்று கோபம். பார்த்தால், தனியாக ஆடும் கேம்களுக்கான 'ஒருவர்' டேகை விலக்கியிருக்கிறார். முன்பின் தெரியாதவர்கள் நுழைந்துவிடுவார்களோ என்று 'பலர்' டேகையும் விலக்கியிருக்கிறார். வீட்டுக்குள் இரண்டு பேர் ஆடினாலும் அது 'பலர்'தான் என்றேன். அவரே 'பலர்' டேகைத் திரும்பச் சேர்த்தார்.

"அப்போ நானும் என் பொண்ணும் உங்க கணக்குல ஒரு கும்பல். அச்சா, இருக்கட்டும்!"

தண்ணீர்

புசா ரோட்டில் குடியிருக்கும் ஒரு பெண். மெட்ரோவில் ஆபீஸ் போய்வரும்போது புதிர் கேம் ஆடுவாராம். தம்பி ஆற்றில் மூழ்கி இறந்ததிலிருந்து, தண்ணீரில் யாராவது மூழ்கும் காட்சி வந்தால் ஆட்டத்தைப் பாதியிலேயே மூடிவிடுவதாகச் சொன்னார். அதை விலக்க முடியுமா?

அப்படி ஒரு டேகே கிடையாது. 'மன்னிக்கவும்' என்று சொல்ல வாயெடுத்தவள், டேக் பிரிவிலிருக்கும் ஹர்ப்ரீத்திடம் போய் நின்றேன். முணுமுணுத்தார். ஆனால் மூன்று நாள் உட்கார்ந்து புதிர் கேம்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, புது டேக் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண்ணிடம் போனிலேயே அதை விலக்கச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார்.

"மேடம், இன்னிக்கு விளையாட்டு மும்முரத்துல இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போயிட்டேன். இப்படி ஆகி ரொம்ப நாளாச்சு."

பேய்க் கூட்டம்

வேலையில் சேர்ந்த புதிது. ராணுவத்தில் இருக்கும் ஒரு சுபேதார், பேய் கேம்களை எடுத்துவிடச் சொன்னார். அவர் கணக்கில் நான் 'வேண்டாம்' என்பதற்குப் பதில் 'இது மட்டும்' என்பதை அழுத்திவிட்டேன். அவர் திரை முழுக்கப் பேய். ஒரு புகார் போனால் வேலை போய்விடும். மறுபடி அவர் குரல் கேட்டதும் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"பார்டர்ல பதினேழு வருஷமா நிக்கறேன், பயந்தது உங்க லிஸ்டைப் பார்த்துத்தான். புகாரெல்லாம் எழுதலம்மா, நிதானமா மாத்திக் குடுங்க."

இத்தனை வருஷத்தில் எனக்கே விலக்கிவிடத் தோன்றிய வாடிக்கையாளர்கள் இரண்டே பேர், அவர்களும் இப்போது தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லும் அளவுக்குப் பழகித் தொலைத்துவிட்டார்கள்.