மூன்றாவது கிணறு

விளம்பரத்தை எழுதியவர் முனிவேல். நில உரிமைப் பத்திரத்தை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்ததை அப்படியே எழுதி பெங்களூர்ச் செய்தித்தாளுக்கு அனுப்பிவிட்டார். 'கெலமங்கலம் அருகே நூறு வருஷத்துப் பண்ணை வீடு. மாந்தோப்பு, கொய்யாத் தோட்டம், திராட்சைப் பந்தல், மேட்டு நிலம் சேர்த்துப் பதினாறு ஏக்கர். மூன்று கிணறு. விற்பனைக்கு.'

பத்திரம் எழுதிய காலத்தில் மூன்று கிணறு இருந்தது உண்மைதான். 1956இல் இரண்டுதான் இருந்தன.

அந்த வீட்டை ஊரார் துரை பங்களா என்பார்கள். கும்பினிக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் தமக்கென்று கட்டியது. இரண்டடிக் கனத்தில் கல் சுவர், உயரமான ஓட்டுக் கூரை, மார்கழிக் குளிருக்குக் கூடத்திலேயே விறகெரிக்கும் கணப்பு. பிறகு கைமாறிக் கைமாறி ஜோதியம்மாள் குடும்பத்துக்கு வந்தது. புருஷன் இறந்ததும் அந்த அம்மாள் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். பண்ணையைப் பார்த்துக்கொள்ள முனிவேல். வீட்டுச் சாவி கெம்பம்மாவிடம்.

கெம்பம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரி. தோட்டக்காரன் திம்மப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினாறு வயதில் அந்தப் பண்ணைக்குள் வந்தவள். பிள்ளைகள் இல்லை. திம்மப்பன் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவன் செத்தது அந்த மூன்றாவது கிணற்றில்.

ஐம்பத்திரண்டில் மழை பொய்த்தபோது கிணற்றை ஆழப்படுத்தினார்கள். பக்கச் சுவர் சரிந்து திம்மப்பன் உள்ளே சிக்கிக்கொண்டான். இரண்டு நாள் மண்ணை அள்ளினார்கள். அள்ள அள்ளச் சரிந்தது. மணியக்காரர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். இன்னொரு உயிர் போய்விடக்கூடாதென்று ஜோதியம்மாள் கிணற்றை மூடச் சொல்லிவிட்டார். மேலே ரோஜாச் செடிகள் வைத்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பாத்தி ஒரு சாண் உள்வாங்கும். கெம்பம்மா கூடையில் மண் சுமந்துவந்து கொட்டி மட்டப்படுத்துவாள். வேறு யாரையும் விடமாட்டாள்.

அந்தப் பாத்தியைப் பார்த்தபடி சமையலறையில் ஒரு சன்னல் உண்டு. கிணற்றை மூடிய பிறகு அதை அவள் திறந்ததே இல்லை. மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போய்த் தோட்டம் அடங்கும் நேரத்தில் அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பெருக்கிய கூடத்தையே மறுபடி பெருக்குவாள். வாரியல் சத்தத்துக்கு மேலேயும் அந்தக் குரல் கேட்கும். யாரிடமும் அவள் சொன்னதில்லை.

விளம்பரம் பார்த்து முதலில் வந்த இரண்டு பேர் சாலை சரியில்லை என்று திரும்பிவிட்டார்கள். மூன்றாவதாகக் கிருஷ்ணகிரி மாங்காய் வியாபாரி நசருல்லா, தன் மனைவி ஹமீதுன்னிசாவுடன் வாடகைக் காரில் வந்தார். ஐப்பசி மாதம். மேகமூட்டமான மத்தியானம்.

நசருல்லா முனிவேலோடு தோப்பைப் பார்க்கப் போனார். ஹமீதுன்னிசா வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். கெம்பம்மா சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தாள். அறை அறையாகத் திறந்து காட்டினாள். சமையலறைக்கு வந்ததும் ஹமீதுன்னிசா மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க இது, புகை போக வழியில்லாம இருக்குது?" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சன்னலின் தாழ்ப்பாளைத் தட்டி நீக்கினாள்.

"வேணாங்கம்மா. துரு ஏறிப்போச்சு" என்று கெம்பம்மா சொல்லி முடிப்பதற்குள் சன்னல் திறந்துகொண்டது.

ஹமீதுன்னிசா வெளியே எட்டிப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டாள். பிறகு திரும்பி, "தோட்டத்துல உங்க தம்பி வேலை செய்யறாருங்களா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தம்பி இல்லீங்களே."

"அப்பறம் யாரு? அக்கா, அக்கான்னு யாரோ கூப்பிடறாங்க. உங்களைத்தான்னு நெனச்சேன். பாவம், குரலே போயிடுச்சு அந்த ஆளுக்கு."

கெம்பம்மாவின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கும் கேக்குதுங்களா?" என்றாள்.

ஹமீதுன்னிசா பயந்துபோனாள். ஆனாலும் ஓடவில்லை. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருங்க அது?"

"என் வீட்டுக்காரருங்க. அவர் அக்கான்னு கூப்பிடலீங்கம்மா. எங்க பேச்சுல அக்கன்னா கயிறு. 'அக்க பிடு, அக்க பிடு'ங்கறார். கயிறு விடு, கயிறு விடுன்னு கேக்கறார்."

நாலு வருஷமாக ஊருக்குத் தெரியாத ஒன்றைக் கெம்பம்மா அன்றைக்கு, அதுவரை பார்த்தே இராத ஒரு பெண்ணிடம் சொன்னாள்.

சுவர் சரிந்த அன்றைக்கு மற்ற ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கெம்பம்மா களி எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்தாள். கடப்பாரையைக் கீழே விட்டுவிட்டோம் என்று திம்மப்பன் திரும்ப இறங்கினான். அவன் அடியைத் தொட்ட நேரம் ஒரு பக்கச் சுவர், படிக்கற்களோடு சேர்ந்து விழுந்தது. புழுதி அடங்கியதும் கீழேயிருந்து குரல் வந்தது. அவன் உயிரோடு இருந்தான். கயிறு கேட்டான்.

"மண்ணு இழுக்கற கயிறு என் காலடியிலதாங்க கெடந்துச்சு. எடுத்துட்டேன். கையிலதான் வச்சிருந்தேன். ரெண்டு எட்டு வச்சேன். வெளிம்புல மண்ணு வாயப் பொளந்துச்சு. பின்னால வந்துட்டேன். மறுபடி கூப்பிட்டார். போவல. கயிறப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எத்தனை நேரம் நின்னேன்னு தெரியலீங்க. அப்பறம் மத்த சுவரும் விழுந்துடுச்சு. ஆளுங்க ஓடி வந்தாங்க. ஒரே மூச்சுல எல்லாம் விழுந்துடுச்சு, சத்தமே வரலைன்னு சொல்லிட்டேன்."

ஹமீதுன்னிசா அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அவரு இன்னும் அங்கயேதான் இருக்காருங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்காருங்க."

தோப்பிலிருந்து திரும்பிய நசருல்லா கோபமாக இருந்தார். மூன்றாவது கிணறு எங்கே என்று கேட்டதற்கு முனிவேல் மழுப்பியிருந்தார். பிறகு வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லியிருந்தார். நசருல்லா மனைவியைத் தனியே அழைத்து, "இது நமக்கு வேணாம். கெளம்பு" என்றார்.

"தோப்பு எப்படி இருக்குது?"

"தோப்புக்கென்ன, தங்கம். ஆனா மேட்டுப் பக்கம் தண்ணி இல்ல. அந்தக் கெணறு இருந்தாத்தான் ஆகும். செத்தவன் கெடக்கற கெணத்தத் தோண்டித் தண்ணி எடுக்கவா?"

"வாங்குங்க. வாங்கி மொத வேலையா அதத் தோண்டுங்க. அந்த ஆள வெளிய எடுத்து நல்லபடியா அடக்கம் பண்ணணும். அப்பறம்தான் தண்ணியெல்லாம்."

"உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. அவரக் கீழ வச்சுக்கிட்டு நான் மேல நடக்க முடியாது. வாங்காம விட்டுட்டுப் போனாலும் முடியாது."

சன்னலில் தன் காதில் விழுந்தது என்ன என்பதை அவள் அன்று புருஷனிடம் சொல்லவில்லை. பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.

தை மாதம் பண்ணை கைமாறியது. மாசியில் கல்லாவிப் பக்கத்திலிருந்து கிணறு வெட்டும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் சின்னராஜ். இந்தத் தடவை நேராகத் தோண்டவில்லை. குளம் வெட்டுவதுபோல் சுற்றிலும் அகலமாகச் சரித்துச் சரித்து இறங்கினார்கள். ரோஜாச் செடிகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். கெம்பம்மா காலையில் வந்து மண்மேட்டில் உட்காருவாள். இருட்டும்போது எழுந்து போவாள். தோண்டத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே குரல் நின்றுவிட்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் சின்னராஜ் கைகளைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தான். தலைத்துண்டை எடுத்துவிட்டு அவள் முன்னால் நின்றான்.

"கெடச்சுட்டாருங்கம்மா. வர்றீங்களா?"

அவள் போனாள். விளிம்புவரை போய், சரிவில் இறங்கி, அடி வரைக்கும் போனாள். எலும்பும் இடுப்புத் துணியின் நைந்த ஓரமும் இருந்தன. இரண்டு முழங்கால்களுக்கும் மேல் ஒரு படிக்கல் கிடந்தது. அதைப் புரட்டவே நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

ஹமீதுன்னிசா அவளோடு இறங்கி வந்திருந்தாள். சின்னராஜ் கல்லைக் காட்டி அவளிடம் மெல்லச் சொன்னான். "அடி மண்ணுலயே படிக்கல்லு கெடக்குது பாருங்க. மொதச் சரிவுலயே கால் மாட்டிக்கிச்சுங்க. மேலருந்து யார் கயிறு விட்டிருந்தாலும் வந்திருக்க முடியாது. யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாதுங்க."

ஹமீதுன்னிசா கெம்பம்மாவின் தோளைத் தொட்டாள். "கேட்டீங்களா? நீங்க நெனச்ச மாதிரி இல்ல."

கெம்பம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "கேட்டேங்கம்மா. ஆனா அவர் கயிறு கேட்டாரே. விட்டிருந்தா கையிலயாவது இருந்திருக்கும். மேல ஆள் இருக்குதுன்னு தெரிஞ்சிருக்கும்."



அவளுடைய தங்கை நாகம்மா அஞ்செட்டியிலிருந்து வந்தாள். அவர்கள் வழக்கப்படி நிலத்தின் கிழக்கு மூலையில் குழி வெட்டித் திம்மப்பனை அடக்கம் செய்தார்கள். நசருல்லா மண் தள்ளிவிட்டுத் தலையில் கைக்குட்டையோடு ஒதுங்கி நின்றார். பங்குனியில் கிணற்றில் ஊற்று கண்டது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் குடித்துப் பார்த்தார்கள். கெம்பம்மா குடிக்கவில்லை.

இனி அவள் நிம்மதியாக இருப்பாள் என்று ஹமீதுன்னிசா நினைத்தாள். ஆனால் கெம்பம்மா தினமும் மத்தியானம் சமையலறைச் சன்னலைத் தானே திறந்து வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். ஒருநாள் ஹமீதுன்னிசா கேட்டாள்.

"ஏதாவது கேக்குதுங்களா?"

"இல்லீங்க. ஒண்ணும் கேக்கல. அலுத்துப்போய் விட்டுட்டார் போல."

அந்தச் சித்திரையில் அவள் தங்கையோடு இருக்க அஞ்செட்டிக்குப் போவதென்று முடிவு செய்தாள். இருக்கச் சொல்லி ஹமீதுன்னிசா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். "அவருக்காகத்தான் இருந்தேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அஞ்செட்டியில் தங்கை வீட்டு மாடுகளை மேய்த்துக்கொண்டு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். புது ஊரில் பெண்கள் பழகியதும், வீட்டுக்காரர் எப்படிச் செத்தார் என்று கேட்பார்கள். கெம்பம்மா எதையும் விடாமல் சொல்வாள். கயிறு தன் கையில் இருந்ததையும், ரெண்டு எட்டு வைத்துப் பின்வாங்கியதையும், ஊரிடம் பொய் சொன்னதையும் சொல்வாள். எதற்கு இதையெல்லாம் சொல்கிறாய் என்று நாகம்மா கெஞ்சுவாள். சில பெண்கள் அதோடு அவள் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் அதற்காகக் குறைத்துச் சொன்னதில்லை. அடுத்தவள் கேட்டபோதும் முதலிலிருந்து முழுதாகச் சொன்னாள்.