நாற்பத்தோராவது போத்தல்

கணக்கில் நான் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு. ஜப்பான்காரன் காலத்தில், சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

அப்பா தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை சிலிம் ரிவர் ஊரில் இருந்த ஜப்பானிய முகாமுக்கு ஒரு பலகைப் பெட்டி நிறையக் கள்ளு அனுப்ப வேண்டும். வரிசைக்கு ஐந்தாக எட்டு வரிசை, நாற்பது போத்தல். நான்கு போத்தல்கள் கூடும் இடத்தில் ஒரு சந்து விழும். அதில் அப்பா காய்ந்த லாலாங் புல்லைச் சுருட்டித் திணிப்பார். அதே முகாமில்தான் சித்தப்பாவையும் பாலம் கட்டப் பிடித்துப்போய் வைத்திருந்தார்கள்.

எனக்கு அந்தச் சந்துகள் உறுத்தின. இவ்வளவு இடம் வீணாகப் போகிறதே! கடைக்குப் பின்னால் காலிப் போத்தல்களை வைத்து அடுக்கிப் பார்த்தேன். ஒரு வரிசையின் பள்ளங்களில் அடுத்த வரிசையை உட்காரவைத்தால் சந்து பாதிக்கு மேல் சுருங்கிவிடுகிறது. வரிசைகளும் நெருங்கி வருகின்றன.

ஒரு காலை அப்பா குளிக்கவும் அம்மா தண்ணீருக்கும் போயிருந்த நேரத்தில், கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்தேன். ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு என்று ஒன்பது வரிசை. நாற்பத்தொன்று! மிஞ்சிய புல்லை வீணாக்குவானேன் என்று அடுப்பில் போட்டு மரவள்ளிக்கிழங்கையும் வேகவைத்தேன். அவ்வளவு பொறுப்பான பெண் நான்.

"அப்பா, ஒரு போத்தல் கூடப் புடிக்குது! வந்து பாருங்க."

அப்பா பார்த்தார்.

"புல்லு எங்கம்மா?"

"அடுப்புல."

ஈரத் துண்டோடு ஓடி, எரியும் அடுப்புக்குள் கையை விட்டார். பானை கவிழ்ந்தது. சாம்பலை அள்ளி அள்ளித் தரையில் கொட்டித் தேடினார். புல்லுக்காக யாராவது கையைச் சுட்டுக்கொள்வார்களா? குடத்தோடு வந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வெளியே முகாம் லாரி ஹாரன் அடித்தது. வெந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அப்பா நாற்பத்தொரு போத்தல்களையும் ஏற்றிவிட்டார்.

புல்லுக்குள் கொய்னா மாத்திரை இருந்ததென்று எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னாள். சித்தப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல். லாரியில் வரும் கூலி ஆள் ஒருவர் முகாமில் பெட்டியைப் பிரித்து, மாத்திரையைச் சித்தப்பாவிடம் சேர்ப்பாராம். அதைத் தேடி அப்பா ஈப்போவரை சைக்கிள் மிதித்திருக்கிறார்.

"நீ சின்னப்புள்ள. எங்கயாச்சும் ஒளறிட்டா எல்லார் தலையும் போயிருக்கும்லா. அதான் சொல்லல," என்றாள்.

அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் லாரி வந்தபோது அந்தக் கூலி ஆள் இறங்கி அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். சித்தப்பா இறந்துபோன சேதி அது. வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. அழுதால், முகாமுக்குள் நடந்தது இங்கே எப்படித் தெரிந்தது என்று கேள்வி வரும்.

அப்பா பெட்டியை என் பக்கம் தள்ளினார். "இனிமே புல்லு வேணாம்மா. நீ சொன்ன மாரியே அடுக்கு."

கடைசியில் என் கணக்கு ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். உரக்க எண்ணிக்கொண்டே அடுக்கினேன். அம்மா ஏன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள் என்று எனக்குப் புரியவில்லை.