கல்யாணத்தை நிறுத்தியவரும் ராஜ்குமார் வயலும்

மங்களாம்பிகை அண்ணிக்கு எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், படித்துவிட்டுத்தான் நகர்வார். வடை மடித்த தாள், உர மூட்டை, மாத்திரை அட்டை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எதுவும் பாக்கியில்லை. குத்தாலம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பேப்பர் விரித்தால் பின்பக்கம் அண்ணிக்கு. அவர் பக்கத்தைத் திருப்பப் போனால், "இருங்க தம்பி, இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்பார். அந்த ஆளும் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருப்பார்.

என் பெரியப்பா மகன் வைரக்கண்ணு அண்ணனின் மனைவி. ஐம்பது வயதைத் தாண்டியாயிற்று. சொந்த நிலம் கொஞ்சம்தான். மற்ற நாளில், கூலி வேலைக்கு ஆள் பிடிக்கிற மேகலா சேர்க்கும் பெண்களோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். வாரம் முழுக்கப் படித்ததை வயலில் இறங்கியதும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். இடுப்பு ஒடிகிற வேலை. காதுக்காவது ஏதாவது வேண்டாமா? எனக்குப் படிப்பு கம்மி. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வடை ஆறிவிடும். வெளியுலகச் சேதி எனக்கும் அண்ணி வாயால் வந்ததுதான்.

போன வருஷம் சம்பா நடவு. வாய்க்காலில் முறை வைத்து விடுகிற தண்ணீர் அந்த வாரத்தோடு நிற்கப்போகிறது. நாற்றும் முற்றிக்கொண்டிருந்தது. என் வயலை ஒட்டினாற்போல் ராஜ்குமார் வயல். சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவன், எதிலும் ஒழுங்கு பார்ப்பான். இரண்டு வயலுக்கும் ஒரே டிராக்டரை விட்டு உழுதோம். வண்டி திரும்புவதற்காக நடுவரப்பை ஒரு பக்கம் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கயிறு மட்டும் கட்டியிருந்தோம். அன்றைக்கு என் வயலில் நடவு, மறுநாள் அவன் வயலில்.

அண்ணி ஆரம்பித்தார். "கடல்ல ஆக்டோபஸ்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு இதயம் மூணாம்."

"ஒண்ண வச்சுக்கிட்டே நாம இந்தப் பாடு படுறோம்" என்றாள் மேகலா.

"ஆஸ்திரேலியால வாம்பேட்டுனு ஒரு மிருகம். சாணிய சதுரம் சதுரமாப் போடுமாம்."

"நல்லதாப் போச்சு, வறட்டி தட்டுற வேல மிச்சம். அப்படியே அடுக்கிப்புடலாம்." இது ஜெயபாரதி. வரிசையில் வாய் நீளம் அவளுக்குத்தான்.

"நத்தையில ஒரு ஜாதி இருக்காம். வருஷக்கணக்கா எந்திரிக்காமத் தூங்குமாம்."

"வைரக்கண்ணு மாமாவப் பேப்பர்ல போட்டுட்டாங்கன்னு நேராச் சொல்லுங்களேன்க்கா!"

அண்ணியே நாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு புளி மடித்து வந்த தாளுக்கு வந்தார்.

"எந்த ஊருன்னு தெரியல, அந்த மூலையில புளி ஒட்டிக்கிச்சு. ஒரு கல்யாண வீடு. பெரியவர் ஒருத்தர் வந்திருக்காரு. மாப்பிள்ள வீட்டு ஆளுன்னு பொண்ணு வீட்டுல நெனச்சிருக்காங்க. பொண்ணு வீட்டு ஆளுன்னு மாப்பிள்ள வீட்டுல நெனச்சிருக்காங்க. ரெண்டு வீட்டுலயும் விழுந்து விழுந்து கவனிச்சிருக்காங்க. மறுநாள் முகூர்த்தம். மாப்பிள்ள தாலியக் கையில வாங்கியாச்சு. மேளக்காரர் குச்சியத் தூக்கியாச்சு. அந்த மனுஷன் எந்திரிச்சு 'நிறுத்து'ன்னாராம் பாரு, மண்டபமே அதிர்ந்து போச்சாம்!"

"ஐயையோ, அப்புறம்?"

"அப்புறம் இல்ல. அந்த இடத்துல தாளு கிழிஞ்சிருக்கு."

வயலே கொதித்துவிட்டது. அவர் பெண்ணுக்குத் தாய்மாமன் என்றாள் ஒருத்தி. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. முதல் நாள் பந்தியில் அவருக்குப் பாயசம் வைக்க மறந்திருப்பார்கள் என்றாள் ஜெயபாரதி.

நடவு என்பது பின்னால் போய்க்கொண்டே செய்கிற வேலை. கண் முன்னால் இருக்கும். பின்னால் என்ன இருக்கிறது என்று குதிகால்தான் சொல்ல வேண்டும். குதிகால் வரப்பில் இடித்தால் வயல் முடிந்தது. அன்றைக்கு இடிக்க வரப்பு இல்லை. கயிறும் சேற்றில் அமுங்கிக் கிடந்தது. கட்டுக்கட்டாக நாற்று முடியை வீசிக்கொண்டிருந்த எனக்கோ பாயச விஷயம் சரியாக இருக்குமோ என்று யோசனை.

"நிறுத்துங்க! ஏய், நிறுத்துங்க!"

ராஜ்குமார் மேட்டில் நின்று கத்துகிறான். வரிசை மொத்தமும் சேற்றில் உட்காராத குறையாகச் சிரித்தது.

"இந்தா வந்துட்டாருல்ல கல்யாணத்துக்கு!" என்றாள் ஜெயபாரதி.

அவன் முகம் கறுத்துவிட்டது. "என் வயல்ல வந்து நட்டுட்டு என்னையே பாத்துச் சிரிக்கிறீங்களா?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம். அவன் வயலுக்குள் ஒரு பட்டை நீளத்துக்கு என் பொன்மணி நிற்கிறது. அது மெதுவாக விளைகிற நெல். அவனுடையது சீக்கிரம் விளைவது. அவன் வயலை வண்டி வந்து அறுக்கும்போது இது பச்சையாக நிற்கும். என் வயலிலோ ஒரு பட்டை வெறுஞ்சேறு. அதற்கு வைத்திருந்த நாற்று அவன் வயலுக்குப் போய்விட்டது, கையில் வேறு இல்லை.

"ஓயாமப் பேசி வேலையக் கெடுக்குற அந்தக்கா நாளைக்கு என் வயலுக்கு வரக்கூடாது" என்றான், அண்ணியைக் காட்டி. "வந்தா மெஷின் நடவுக்குச் சொல்லிடுவேன். உங்க யாருக்கும் வேலை கெடையாது."

மேகலா பதில் சொல்ல வாயெடுத்தாள். அண்ணி கையைக் காட்டி அடக்கினார். "என் வாயால எல்லார் வேலையும் போக வேணாம். நான் வரல." வாய்க்காலில் கை காலைக் கழுவிக்கொண்டு நடந்தார். வரப்பில் காலி உர மூட்டை ஒன்று விரிந்து கிடந்தது. குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டிப் போனார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அவன் வயலில் சத்தமே இல்லை. சத்தமில்லாவிட்டால் வேலை ஓடும் என்று நினைப்பீர்கள். ஓடவில்லை. உன் நடவு கோணல், உன் கை மெதுவு என்று ஒருத்தியை ஒருத்தி குற்றம் சொல்லிக்கொண்டு நிமிர்ந்து நிமிர்ந்து நின்றார்கள். உச்சி வெயிலுக்குப் பாதி வயல்கூட ஆகவில்லை.

ராஜ்குமார் மேகலாவிடம் வந்தான். "நேத்து என்னையப் பாத்து ஏன் சிரிச்சீங்க? அத மட்டும் சொல்லுங்க."

அவள் கல்யாணக் கதையைச் சொன்னாள். 'நிறுத்து' வந்தது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

"அப்புறம்?"

"கிழிஞ்சு போச்சு."

"அதெப்படிக் கிழியும்?" மேட்டில் ஏறி நின்றுகொண்டு போனில் தேடு தேடென்று தேடினான். கிடைக்கவில்லை. என்னிடம் வந்து, "அண்ணே, அந்த ஆளு ஏன் நிறுத்தச் சொன்னாரு?" என்றான்.

"எனக்கென்னடா தெரியும்? படிச்ச ஆளத்தான் நீ வீட்டுல உக்கார வச்சிருக்கியே."

போனைச் சட்டைக்குள் போட்டான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது பின்னால் அண்ணி. முகம் உர்ரென்றுதான் இருந்தது.

"பேசக்கூடாதுன்னா இப்பவே எறங்கிப் போயிடுவேன்."

"பேசுங்கக்கா. வரப்பு இல்லாத எடத்துல நான் கயிறப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

நின்றான். முழங்கால் சேற்றில், கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு. பெண்கள் நட்டுக்கொண்டே அவன் மேல் போய் இடிக்கும்வரை அண்ணியின் வாய் ஓயவில்லை. பொழுது சாய்வதற்குள் அவன் வயல் முடிந்தது. அவன் கொடுத்த நாற்றில் என் வெறும் பட்டையும் நிறைந்தது.

தை பிறந்ததும் அவன் வயல் பழுத்தது. வரப்பை ஒட்டி ஒரு பட்டை மட்டும் கல்யாண வீட்டில் யாரென்று தெரியாத ஆள் மாதிரி பச்சையாக நின்றது. என் வயலில் அதற்கு நேர்மாறு. சுற்றிலும் பச்சை, நடுவில் ஒரு பட்டை பழுப்பு. அறுப்பு வண்டி அவன் வயலில் அந்தப் பச்சையைச் சுற்றிக்கொண்டு போனது. என் வயலுக்குள் வண்டியே இறங்க முடியவில்லை. என் பட்டையை அரிவாளால்தான் அறுத்தோம். அண்ணியும் வந்தார்.

ராஜ்குமார் போண்டா வாங்கி வந்தான். எல்லோருக்கும் ஒரே பொட்டலம், ஒரு முழுப் பேப்பரில்.

"கடைக்காரன்கிட்ட சண்ட போட்டு வாங்கியாந்தேங்க்கா. ஒரு மூலகூடக் கிழியல. எண்ணெய் படாத பக்கமாப் படிங்க."

அண்ணி போண்டாவை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, தாளை மடியில் நீவிக்கொண்டு ஒரு சேதியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

"அடுத்த தடவ பாதியாக் கிழிச்சுக்கிட்டு வாங்க தம்பி" என்றாள் ஜெயபாரதி.