பன்னீர் ரோஜாவும் நாலு கிராம்பும்

துவைக்கப் போட்ட சட்டையின் பையைத் தடவிப் பார்ப்பது கெங்கம்மாவின் பழக்கம். பஸ் டிக்கெட், சில்லறை, பேனா மூடி என்று ஏதாவது அகப்படும். அன்றைக்கு அகப்பட்டது கிராம்பு. நாலு கிராம்பு, துண்டுக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தது.

அவள் அப்படியே வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

அவள் புருஷன் லோகநாதன் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுக்கு வரும்முன் வாயில் போடுவது கிராம்புதான். கதவைத் திறந்தால் முதலில் கிராம்பு உள்ளே வரும், அதன் பின்னால் சரக்கு, கடைசியில்தான் ஆள். மகள் எழில்மொழி பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம் அவள் பாடப்புத்தகத்தின்மேல் வாந்தி எடுத்துவைத்தான். மறுநாள் அந்தப் பெண் பக்கம் பக்கமாகத் துடைத்து வெயிலில் காயப்போட்டதைப் பார்த்தான். அதோடு விட்டவன்தான். எழில்மொழி இப்போது அம்பத்தூரில் வேலைக்குப் போகிறாள்.

விட்டது சரி, சாயங்காலத்தை என்ன செய்வது? திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் ஷிப்டு முடித்து வந்தால் கை தானாக ஒரு கிளாஸைத் தேடும். எதிர்வீட்டு மஜீது, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், ஒரு நோன்புச் சாயங்காலத்தில் ரோஸ் சர்பத்தை நீட்டினான். "இத்த அடி மாமு. கிளாசு அதே கிளாசுதான், சரக்குதான் வேற" என்றான். அடித்துப் பார்த்த லோகநாதனுக்குக் கடைச் சர்பத்தின் எசன்ஸ் வாடை பிடிக்கவில்லை. அடுத்த வாரமே பன்னீர் ரோஜா வாங்கிவந்து தானே காய்ச்ச ஆரம்பித்தான்.

அவன் காய்ச்சுவதே ஒரு கூத்து. இதழ்களை உருவி, அடியில் வெள்ளையாக இருப்பதைக் கிள்ளி எறிவான், கசக்குமாம். சர்க்கரைப் பாகு விரலில் பிசுபிசுக்கும்போது இதழ்களைக் கொட்டித் தீயைக் குறைப்பான். அதன் பிறகு கடிகாரத்தைப் பார்க்க மாட்டான், பாத்திரத்தைக்கூடப் பார்க்க மாட்டான். கண்ணை மூடி, முகத்தை ஆவிக்குக் கொடுத்துவிட்டு நிற்பான். முதலில் பச்சைத் தழை வாசம் வரும். அது விலகிப் பூ எழும்பும். எழும்பிய அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும், விட்டால் வெந்த கீரைதான். ஆறவைத்து வடிகட்டி எலுமிச்சம்பழம் பிழிந்தால், பழுப்பாகக் கிடந்த பாகு சட்டென்று சிவக்கும். கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டில் கால்வாய் நாற்றத்தைத் தள்ளிக்கொண்டு அந்த வாசம் நடை முழுக்கப் போகும். அந்த மாடியில் எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் லோகநாதன் பாட்டில்தான். ஒரு கரண்டிப் பாகு, மேலே சோடாவோ பாலோ.

போன மாதம் ஒரு ஜுரம் வந்து போனது. அதற்குப் பிறகு ஆளே வேறு மாதிரி. தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துகொள்கிறான், நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. யார்டிலிருந்து வந்ததும் தனியாக மொட்டை மாடிக்குப் போகிறான். காய்ச்சிய பாகு இரண்டு தடவை கீரையாகிப் போக, யாருக்கும் காட்டாமல் கொட்டினான். எல்லாவற்றையும் ஜுரத்தின் கணக்கில் எழுதிவைத்திருந்தாள் கெங்கம்மா. இப்போது கிராம்பு வந்து எல்லாவற்றையும் வேறு பக்கம் இழுத்தது.

அவன் அயர்ந்த நேரத்தில் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான். அடுக்களை அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தாள். ரோஸ்தான். அதனால் மனசு ஆறிவிடவில்லை. கிராம்பு எதற்கு, மறைக்கத்தானே? வாய்விட்டுக் கேட்கவும் பயம். கேட்டால் அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால், மகளிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது?

இதற்கு நடுவில் மஜீது வந்தான். மகளுக்கு நிச்சயம் வைத்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் நுழைந்ததும் ரோஸ் மில்க் கொடுக்க வேண்டும், பாகு மாமு கையால் இருக்க வேண்டும் என்றான். இப்படி யாராவது கேட்டால் துள்ளிக் குதிக்கிற லோகநாதன், தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனான். மாமு மூஞ்சி சரியில்லையே என்று மஜீது கேட்டதற்கு, உடம்பு முடியல என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் அவன் போதையில் கிடந்த நாட்களில் யார்டுக்குப் போன் போட்டு அவள் சொன்னதும் இதே வார்த்தைதான், இதே குரலில்.

நிச்சயத்தன்று காலை லோகநாதன் அடுப்பைப் பற்றவைத்தான். கெங்கம்மா கதவோரம் நின்றுகொண்டாள். இதழ்கள் பாகில் விழுந்தன. அவன் கண்ணை மூடிக் குனிந்தான். பச்சை வாசம் வந்தது, போனது. பூ எழும்பியது, அவள் நிற்கிற இடம்வரை வந்தது. அவன் இறக்கவில்லை. கீரை வந்தது, இறக்கவில்லை. அடிப்பிடித்த சர்க்கரையின் வாடை நடைக்குப் போய், பக்கத்து வீட்டு ஃப்ளோரா என்னவோ கருகுது என்று குரல் கொடுத்தாள். அப்போதும் அவன் கண்ணைத் திறக்காமல், வராத பஸ்ஸுக்கு நிற்கிறவன்போல நின்றுகொண்டிருந்தான்.

கெங்கம்மா போய் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கிராம்பை எடுத்து மேடைமேல் போட்டாள்.

"இது இன்னாயா?"

அவன் கிராம்பையும் பார்த்தான், கருகிய பாத்திரத்தையும் பார்த்தான்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? ஆமான்னா ஆமான்னு சொல்லிடு. ஒளிஞ்சி ஒளிஞ்சி மோந்து பாக்க என்னால முடியல."

"இன்னாத்த ஆரம்பிச்சேன்?" அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. விளங்கியதும் மேடையைப் பிடித்துக்கொண்டான். "அய்யே, அது இல்ல கெங்கா. மூக்கு போச்சு. ஜுரத்துல போனது, வரவேயில்ல. வந்துச்சா, வந்துச்சான்னு கிராம்ப மோந்து மோந்து பாக்குறேன். மரக்கட்ட மேரி கீது."

அவள் நம்பவில்லை. கண்ணை மூடச் சொன்னாள். டப்பாவிலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுத்து அவன் மூக்கடியில் பிடித்தாள். அடுத்த பிளாக்கில் கருவாடு வறுத்தால் இங்கிருந்தே இன்னார் வீடு என்று சொல்கிறவன், இரண்டு முறை இழுத்துப் பார்த்து யோசித்தான்.

"கத்திரி வத்தலா?"

கெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பாதியில் அது அழுகையாயிற்று. கையிலிருந்த கருவாட்டாலேயே அவன் முழங்காலில் அடித்தாள். "மூக்குதானா? மூக்கு மட்டுந்தானா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெல்லச் சொன்னான். வரலாம், வராமலும் போகலாம் என்றாராம் டாக்டர். யார்டில் கண்டெய்னர் கதவைத் திறந்ததும் உள்ளே டீத்தூளா, தோலா, ரப்பரா என்று மோப்பத்திலேயே சொல்கிறவன் என்று அவனுக்கு ஒரு பேர் உண்டு. வீட்டில் இந்த ரோஸ். இரண்டும் போனால் தன்னிடம் என்ன மிச்சம் என்றுதான் மாடியில் உட்கார்ந்து யோசித்தானாம்.

"என் மூக்கு சும்மாதான கீது" என்றாள் அவள். "எழுந்துரு. மஜீது கேட்டா இன்னா சொல்லுவ?"

பயத்தில் பாதி இதழை அவன் தனியாக எடுத்துவைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. வேறு பாத்திரம் ஏறியது. இந்தமுறை முகத்தை ஆவிக்குக் கொடுத்தவள் கெங்கம்மா. அடுப்புத் திருகின்மேல் கை வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்திருந்தான் லோகநாதன்.

"பச்சையா அடிக்குது. இரு. இன்னும் இரு." அவள் மூக்கு லேசாக விரிந்தது. "இப்ப."

அணைத்தான். ஆறியதும் எலுமிச்சம்பழம் பிழிந்தான். பாகு சிவந்தது. அதைப் பார்க்க அவனுக்குக் கண் இருந்தது.

சாயங்காலம் மஜீது வீட்டில் லோகநாதன் ஒரு சுவரோரம் நின்று, குடிக்கிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மாப்பிள்ளையின் அம்மா ரசூல் பீவி கிளாஸைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்ட பிறகுதான் சுவரை விட்டு நகர்ந்தான். மஜீதை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னான்.

மஜீது அவனை ஏற இறங்கப் பார்த்தான். "கொருக்குப்பேட்டயில குடியிருந்துகினு மூக்கு போச்சுன்னு அழுவுற ஒரே ஆளு நீதான் மாமு. நாங்கல்லாம் எப்ப போவும்னு காத்துகினு கீறோம்."

லோகநாதனின் சிரிப்பு, உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கெங்கம்மாவுக்குக் கேட்டது. ஜுரத்துக்கு முந்தைய சிரிப்பு. கையிலிருந்த கிளாஸை இன்னொரு தடவை கழுவினாள்.

மூக்கு இன்னும் வரவில்லை. கிராம்பு இப்போது சட்டைப் பையில் இல்லை, அடுப்பு மேடைமேல் ஒரு கிண்ணத்தில் திறந்தே கிடக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை எடுத்து மோந்து பார்ப்பான், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவான். பன்னீர் ரோஜா வாங்கிவந்த நாட்களில் இதழைப் பாகில் கொட்டிவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுக்கிறான்.

"கெங்கா, மூக்க எடுத்துகினு வா."