யோகனின் குழலும் பைனாகுலரும்

செய்தி வந்தபோது நான் ஸ்ட்ரோம்மன் அங்காடித் தொகுதியில், பாலும் பாணும் வைத்த கூடையோடு காசு கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். கைத்தொலைபேசியில் யோகனின் மனைவி வதனியின் பெயரைக் கண்டதுமே விளங்கிவிட்டது. "அண்ணை, இவர் போயிட்டார்" என்றாள். கூடையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து காரைத் தேடினேன். எங்கே விட்டேன் என்பது மறந்துவிட்டது. வாகனத் தரிப்பிடத்தின் ஒரு தளம் முழுக்க நடந்தேன். மேலே ஏறினேன், திரும்பக் கீழே இறங்கினேன். கடைசியில் பார்த்தால் கார் நான் முதலில் கடந்துபோன தூணுக்குப் பின்னால்தான் நின்றது. யோகன் இருந்திருந்தால் சிரித்திருப்பான். "நீ நடந்து தேடுறாய் மச்சான். இருந்து தேடு" என்று மலையில் எத்தனையோ முறை எனக்குச் சொன்னவன் அவன்.

யோகநாதனை ஒஸ்லோத் தமிழர் பலருக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி இரைந்தால் எல்லோரும் தேடுவது அவனைத்தான். பஸ் திருத்தும் கராஜில் என்னோடு ஒரே குழிக்குள் நின்று வேலை செய்தவன். ஆனால் அவனை வேட்டைக்காரனாகத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் அதை வெளியில் சொல்ல விரும்பவில்லை. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவுமலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அவனுடைய பெரியப்பாவின் மகன் வாசித்துவிட்டு, "தேவாரத்துக்குப் பக்கத்திலை மான் சுட்ட கதை வேண்டாம் தம்பி" என்று திருப்பித் தந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மானை எடுத்துவிட்டுப் பார்த்தேன். யோகனையும் சேர்த்து எடுத்துவிட்டது போலிருந்தது. அதனால்தான் அவனை அறிந்த உங்களுக்கு இதைத் தனியாக எழுதுகிறேன்.

எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. செத்தவீடு முடிந்து சில நாளில் வதனி அழைத்தாள்.

"அண்ணை, ரண்டிலை ஒண்டு உங்களுக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். ஒண்டில் பைனாகுலர், இல்லாட்டிக் குழல். மிச்சம் ஊலாவுக்கு. நீங்கள்தான் முதல் எடுக்கவேணுமாம். அந்தியேட்டிக்கு முதல் வந்து எடுங்கோ."

ஊலாவ் எங்கள் கராஜின் மூத்த மெக்கானிக். எங்களை வேட்டைக் குழுவில் சேர்த்தவர். குழல் என்று நாங்கள் சொல்வது முக்காலியில் பூட்டி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் நீண்ட தொலைநோக்கியை. மலையில் இரண்டையும் சுமக்க முடியாது, இறைச்சியையும் முதுகில்தான் இறக்கவேண்டும். எதைக் கொண்டுபோவது என்று ஒவ்வொரு வருடமும் நானும் அவனும் அடிபடுவோம். நான் பைனாகுலர் கட்சி, அவன் குழல் கட்சி. தீராத அந்த வழக்கின் தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான் பாவி. அன்றிலிருந்து எனக்கு நித்திரையில்லை. வேலையில் சாவியை ஓரிடத்தில் வைத்துவிட்டு இன்னோரிடத்தில் தேடினேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு நாங்கள் இருவரும் வேட்டைக்காரர் பரீட்சை எழுதினோம். முதல் இலையுதிர் காலம் திராமன் நகருக்கு அப்பால் உள்ள காட்டில் எல்க் என்ற பெரிய மானுக்காக நின்றோம். காட்டில் இந்த வழக்கே இல்லை. மரத்துக்கு மரம் கண்ணை ஓட்டவேண்டும், மங்கல் வெளிச்சத்திலும் தெரியவேண்டும், அதற்குப் பைனாகுலரை மிஞ்ச ஒன்றுமில்லை. யோகனும் அதைத்தான் முதலில் வாங்கினான். பிறகு ஊலாவ் எங்களைத் துருவமான் வேட்டைக்கு ஹர்தாங்கர் மலைமேட்டுக்குக் கூட்டிப்போனார். மரமே இல்லாத வெளி. பைனாகுலரில் ஒரு பழுப்புப் புள்ளி தெரியும். அது மானா, கல்லா, ஆணா, பெண்ணா என்று தெரியாது. ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக யோகன் கடைக்குப் போய்க் குழல் வாங்கினான். கடைக்காரன் ஆயிரம் விளக்கம் சொன்னான். யோகன் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "தேடுறதுக்குப் பைனாகுலர் காணும். தெரிஞ்சுகொள்ளுறதுக்குக் குழல் வேணும்."

நான் விடவில்லை. குழலில் தெரியும் இடம் ஒரு தட்டளவு. காற்றடித்தால் நடுங்கும். வெயில் ஏறினால் நிலத்திலிருந்து ஆவி எழும்பிக் கல்லும் நெளியும். அதற்குச் சாட்சியாக ஒரு காலை இருக்கிறது. "கொம்பு அசையுது, படுத்துக் கிடக்குது, எழும்பட்டும்" என்று யோகன் குழலில் ஒட்டிக்கொண்டு என்னையும் குப்புறக் கிடத்தினான். மதியம் வரை கிடந்தோம். நேரில் போய்ப் பார்த்தால் பாறையில் காய்ந்துபோன ஒரு செடியின் வேர். எங்களுக்குப் பின்னால், கல் எறிந்தால் படுகிற தூரத்தில், உண்மையான கடாமான் ஒன்று ஆறுதலாக நடந்துபோயிருக்கிறது. அடுத்த மேட்டிலிருந்து ஊலாவ் அதைத் தன் பைனாகுலரால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மானை விட எங்கள் முதுகுகள் அவருக்கு நல்ல காட்சியாக இருந்தனவாம். மலைக்குடிசையில் யோகன் ஊரிலிருந்து வந்த சரக்குத்தூள் போட்டு இறைச்சிக்கறி காய்ச்சிக்கொண்டிருக்க, ஊலாவ் அந்தக் கதையை மூன்று விதமாகச் சொன்னார். யோகன் அகப்பையைத் தூக்கிக் காட்டி, "அந்த வேரை நான் நல்லாத் தெரிஞ்சுகொண்டனான்" என்றான்.

வெள்ளிக்கிழமைகளில் அவன் சுடமாட்டான், சைவம். முதல் வருடம் குழுவில் சிரித்தார்கள். அவன் சண்டை பிடிக்கவில்லை. வெள்ளியன்று துவக்கைக் குடிசையில் பூட்டிவிட்டு, குழலையும் உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டு மேட்டில் போய் இருந்துவிடுவான். அங்கிருந்து எந்தக் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று மற்றவர்களுக்கு வோக்கிடோக்கியில் சொல்வான். "சுடுறதுதான் பாவம் மச்சான். பாக்கிறதாலை விரதம் முறியாது" என்பது அவனுடைய சட்டம். அவன் சொல்லித்தான் மற்றவன் சுடுகிறான், அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டேன். "அது சனிக்கிழமைக் கணக்கு" என்றான். போகப்போக வெள்ளிக்கிழமை அவனோடு வெளியே போவதற்குக் குழுவில் போட்டி வந்தது.

அவனுக்குக் கோபம் வந்து நான் ஒரேயொரு முறைதான் பார்த்திருக்கிறேன். திராமன் காட்டில், எதிர்ச் சரிவில் நின்ற புதியவர் ஒருவர், நாங்கள் யாரென்று அறியத் துவக்கிலேயே பூட்டியிருந்த தொலைநோக்கியால் எங்களைப் பார்த்தார். துவக்கின் வாயும் எங்களைப் பார்த்தே நீண்டிருந்தது; எந்த வேட்டைக்காரனும் செய்யக்கூடாத காரியம். யோகன் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஏறினான். நானும் பின்னால் ஓடினேன். தன் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி அந்த மனிதரின் கழுத்தில் போட்டு, மனிதரைப் பார்ப்பதானால் இதால் பார் என்று நொர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னான். திரும்பி வரும்போது என்னிடம், "ஊரிலை ஆமிச் சென்றியிலை இருந்து என்னை உப்பிடித்தான் பாத்தவங்கள். சயிக்கிளிலை பாண் வாங்கப் போகேக்கை. முதுகு கூசும்" என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் கதைத்ததில்லை. அந்தப் பைனாகுலர் அந்தப் பருவம் முழுக்கப் புதியவரின் கழுத்திலேயே கிடந்தது.

இதையெல்லாம் நினைத்துத்தான் பைனாகுலரை எடுப்பதென்று ஒரு நாள் முடிவெடுத்தேன். அடுத்த நாள் காலையில் அந்தப் பெண்மான் நினைவுக்கு வந்து முடிவைக் கெடுத்தது.

மலைமேட்டில் எங்கள் அனுமதியின் கடைசி நாள். கன்று இல்லாத பெண்மான் ஒன்று எங்களுக்கு உரியது. கூட்டத்திலிருந்து விலகி ஒன்று தனியே நிற்பதை நான் பைனாகுலரில் கண்டேன். காற்று எங்கள் முகத்துக்கு அடித்தது. எந்நேரமும் மாறும் போலிருந்தது.

"தனிய நிக்குது. கண்டுக்குட்டி இல்லை. வா, கிட்டப் போவம்" என்றேன்.

"பொறு." முக்காலியை விரித்தான்.

"என்னத்தைப் பொறுக்கிறது? காத்து மாறப்போகுது."

"அவள் ஒரே கல்லைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறாள் மச்சான். ஏனெண்டு தெரியாமல் நான் எழும்பமாட்டன்."

நான் சுற்றிப்போய் அந்தக் கல்லுக்குப் பின்னால் என்ன என்று பார்க்கிறேன் என்றேன். அவன் குழலிலிருந்து கண்ணை எடுக்காமலே என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான். "அவசரப்படுத்தாதை. அது நிண்டு முடிக்கட்டும். தானா வரும்." எந்த மிருகம் எந்த மேட்டுக்குப் பின்னால் மறைந்தாலும் அவன் இதைத்தான் சொல்வான், சுப்ரபாதம் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காற்று மாறியது. எங்கள் வாடை பட்டுக் கூட்டம் முழுக்க ஓடியது. அந்தப் பெண்மான் ஓடவில்லை. கல்லடிக்குப் போய் நின்றது. கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு கன்று எழும்பி, உடம்பை உதறிக்கொண்டு, தாயின் பின்னால் போனது. நாங்கள் வெறும் பையோடு இறங்கினோம். இறங்கும் வழி முழுக்க நான் கண்ட கல்லையெல்லாம் உதைத்துக்கொண்டு வந்தேன். அவன் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தான், சந்தோசமாக.

பிறகு அவனுக்கு வருத்தம் வந்தது. ஈரலில் நோய் என்றார்கள். போன பருவத்தில் நாங்கள் அவனில்லாமல் மலைக்குப் போனோம். பைனாகுலரைத் தூக்கிப் பிடிக்கக் கையில் பலம் இல்லை என்று, எல்லிங்ஸ்ருட்டில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டின் மேல்தள பல்கனியில் வதனி குழலைப் பூட்டிக்கொடுத்தாள். பக்கத்தில் ஒரு கதிரை, கம்பளிப் போர்வை. நான் போகும்போதெல்லாம் குழல் காட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். "காலமை ரண்டு மான் ஓரத்துக்கு வந்தது" என்று அறிக்கை வாசிப்பான். நான் ஓரிடத்தில் இருக்கமாட்டேன். பல்கனிக்கும் குசினிக்கும் நடப்பேன், குப்பை கொட்டப் போவேன், தேவையில்லாமல் கடைக்குப் போவேன். மெலிந்துபோன அவன் கழுத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "இரடாப்பா. வரேக்கையே போறதுக்கு நிக்கிறாய்" என்பான்.

உண்மையில் மேலே வருவதற்கே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. சுரங்க ரயிலில் வந்து இறங்கியதும் நேரே போகமாட்டேன். நிலையத்து வாசலில் ஒரு மரவாங்கு இருக்கிறது, கொஞ்சம் தள்ளிச் சைக்கிள் தரிப்பிடம். அந்த இரண்டுக்கும் இடையில் போய்வந்து, ஒரு சிகரெட் பற்றவைத்து, பாதியில் அணைத்து, முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் படியேறுவேன். சில நாள் அது நெடுநேரம் எடுக்கும். ஆனால் எப்போது போனாலும் வதனி கதவைத் திறக்கும்போது தேத்தண்ணி ஆவி பறக்க மேசையில் இருக்கும். அவள் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்க, ஒருவழியாகப் பைனாகுலர்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு எல்லிங்ஸ்ருட்டுக்குப் போனேன். என்னைப் போன்றவனுக்கு அதுதான் சரி. கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கலாம். பழக்கதோசத்தில் நிலையத்து வாசலில் நடந்துவிட்டுத்தான் மேலே போனேன். வதனி பைனாகுலரைத் துடைத்து மேசையில் வைத்திருந்தாள். அன்று தேத்தண்ணி இல்லை. அவளும் அதைக் கவனித்தவள் போல, "இருங்கோ அண்ணை, இப்பதான் தண்ணி வைக்கப்போறன்" என்றாள். பிறகு குசினி வாசலில் நின்றபடி சொன்னாள்:

"முந்தியெண்டால் அவர் சொல்லுவார். நீங்கள் வாற நாளிலை குழலைக் கீழை திருப்பி வைச்சுக்கொண்டு இருப்பார். 'வந்திட்டான், நடக்கிறான்' எண்டுவார். நான் கேத்திலைப் போடப் போனால், 'இப்ப போடாதை. அவசரப்படுத்தாதை. அவன் நடந்து முடிக்கட்டும், தானா வருவான்' எண்டுவார். நீங்கள் படிப்பக்கம் திரும்பினாப் பிறகுதான் தேத்தண்ணி. பெல் அடிச்ச உடனை குழலைக் காட்டுக்குத் திருப்பிவிடுவார்."

நான் பல்கனிக்குப் போனேன். போர்வை மடித்திருந்தது. குழல் காட்டைப் பார்க்கவில்லை. கடைசியாக அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன அன்று நான் வருவதாகச் சொல்லியிருந்தேன். அன்று அவன் விட்டபடியே அது கிடந்தது. கதிரையில் இருந்து கண்ணை வைத்தேன். ஒரு தட்டளவு இடம். மரவாங்கு, அதில் உரிந்த பச்சை வர்ணம், சைக்கிள் தரிப்பிடத்தின் ஓரம், கீழே நான் சற்று முன் பாதியில் போட்ட சிகரெட். யாரோ ஒரு பெண் தள்ளுவண்டியோடு அதைக் கடந்துபோனாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வதனி தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனது தெரியும். எழும்பவில்லை. அந்த வீட்டில் நான் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை.

பைனாகுலரை ஊலாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார். குழல் என்னிடம் இருக்கிறது. பாரமான சாமான்; அதற்கு முன்னால் இருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது உதவும், எனக்கு இன்னும் தெரியாது. ஓகஸ்டில் மலைக்கு அதைத்தான் கொண்டுபோகிறேன், வெள்ளிக்கிழமை துவக்கைப் பூட்டிவிட்டு மேட்டில் இருந்து பார்க்கப்போகிறேன். யோகனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது: நான் கீழே அலைந்துகொண்டிருந்த அத்தனை நாளும், மேலே ஒருவன் என்னைக் கூப்பிடாமல், நான் நடந்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.