டைகரின் தண்ணீர்க் குண்டானைக் கவிழ்த்தேன்

எனக்குக் கோணல்மாணலாகத்தான் எழுத வரும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். டைகர் எங்கள் நாய், பதிமூன்று வயது.

ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டிய வாரம், வீடு சுத்தமாக இருக்க வேண்டும். டைகரோ குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்துவிட்டுக் கூடத்திலேயே மூத்திரம் போனது.

"இன்னா அத்தை, இப்பத்தான் தொடச்சேன், மறுபடியும் குளம் கட்டிக்கினு கீது" என்றாள் மருமகள்.

"குடிச்சாத்தானே போவும். கூழ் ஊத்துற வரைக்கும் தண்ணி வெக்காத" என்று நான்தான் குண்டானைக் கவிழ்த்தேன்.

மறுநாள் அது துணி துவைத்த சோப்புத் தண்ணீரை நக்கியது. அப்போதும் புரியாமல் அதட்டி விரட்டினேன். மூன்றாம் நாள் காலை எழவே இல்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா முதுகுத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் பழையபடி படியாமல் கிள்ளியபடியே நின்றது.

"தண்ணி குடிக்குதா?"

"மூத்திரம் போவுதுன்னு நான்தாம்மா வெக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கிட்னி கெட்டுப்போச்சும்மா. உடம்புல தண்ணி நிக்கல, அதனாலதான் அவ்ளோ குடிச்சிது. இன்னொரு நாள் விட்டிருந்தா செத்திருக்கும்."

அம்மனுக்கு விரதமிருந்துகொண்டே ஒரு உயிரைத் தாகத்தில் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தது. இப்போது வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று என இரண்டு குண்டான் வைக்கிறேன். கூடத்தை நானே துடைத்துவிடுகிறேன். வயதான நாயோ பூனையோ திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வைத்திய விஷயத்தை நான் சரியாகச் சொன்னேனா என்று ஒரு கால்நடை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பத்திரிகையில் போடுங்கள். என்னால் இன்னொரு தப்பு நடக்கக் கூடாது.